மாமா குடித்த கஷாயம்

என் மாமனார் காப்பிக்குப் பரம எதிரி. நான் சொல்லி நம்ப வேண்டாம். திருநெல்வேலியில் கோவிலுக்கு மேற்கே இருந்த எங்கள் தெருவில் அந்தக் காலத்து ஆள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் தெருக்கோடி மடத்தில் சைவ சபை கூடும். தேவாரம் பாடி முடிந்ததும் மாமா எழுந்திருப்பார். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் தங்கம் கட்டிய உருத்திராட்சம். கள்ளாவது குடித்தவனைத்தான் கெடுக்கும், காப்பி குடும்பத்தையே கெடுக்கும் என்று ஆரம்பிப்பார். காப்பி குடித்தால் நரம்பு தளரும், ரத்தம் சுண்டும், பிள்ளைகள் பெரியவர்களை எதிர்த்துப் பேசுவார்கள், பெண்கள் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். இப்படி ஒரு நாழிகை போகும். தெருவில் இருந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள்.

இந்த மனிதர் தினமும் விடிவதற்கு முன்னால் ஆற்றில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்து, ஒரு பெரிய வெள்ளித் தம்ளர் நிறையக் காப்பி குடிப்பார். எங்கள் வீட்டில் அதற்குக் காப்பி என்று பெயர் கிடையாது. அது கஷாயம். வாதத்துக்கு நல்லது என்று எந்த வைத்தியரோ சொன்னாராம். எந்த வைத்தியர் என்று கேட்கிற தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. மருந்துதான் என்பதற்குச் சாட்சியாகச் சீனிக்குப் பதில் பனங்கற்கண்டு. கறந்த பாலும் ஏலக்காய் வாசனையும் எந்த வாதத்துக்கு மருந்து என்று நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

நான் நாங்குநேரியிலிருந்து அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தவள். எங்கள் ஊரில் காப்பி எப்போதாவது வீட்டுக்கு வரும். அதுவும் பொடியாகத்தான் வரும். கொட்டையை நான் கண்ணால் கண்டதில்லை. வந்த புதிதில் ஒரு நாள், சாமான் வைக்கிற அரங்கில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு சின்ன மூட்டை கண்ணில் பட்டது. அவிழ்த்துப் பார்த்தால் சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், நடுவில் கீறலோடு ஒரு பயறு. ஏதோ மலைநாட்டு மொச்சை என்று நினைத்துக்கொண்டேன். புது மருமகளுக்குக் குழம்பில் பேர் வாங்க வேண்டும் என்கிற ஆசை இருக்காதா? ராத்திரியே ஊறப்போட்டுவிட்டு, மறுநாள் புளி கரைத்து விட்டு வேகவைத்தேன். விறகு எரிந்து தீர்ந்ததுதான் மிச்சம். மொச்சை வேகவில்லை. குழம்பு மட்டும் பாசி பிடித்த தெப்பக்குளத்துத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது.

அத்தை வந்து மூடியைத் திறந்தாள்.

"ஏட்டி, என்னத்தைப் போட்டு வச்சிருக்கே?"

"மொச்சை, அத்தை. பழசு போல. வேகவே மாட்டேங்குது."

அத்தை ஒரு கொட்டையை எடுத்து விரல் நடுவில் உருட்டிப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தால் முன்கட்டில் கேட்டுவிடும்.

"உங்க மாமா கஷாயம்ட்டி அது. ஒரு மாசத்துக் கஷாயத்தைக் குழம்பு வச்சிட்டியே."

அந்தக் குழம்பை மாட்டுக்குக்கூடக் காட்டாமல் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். அன்று முதல் அத்தையின் கூட்டுக் களவாணி ஆனேன்.

கொட்டை அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தது. அத்தையின் தம்பிக்கு அங்கே நெல் வியாபாரம். மேலே மலைத்தோட்டத்துக்கு அரிசி அனுப்புகிறவர் அவர். இறங்கி வருகிற வண்டியில் நல்ல கொட்டையாகப் பார்த்து எடுத்து வைப்பார். ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. ஆனாலும் அக்காள் வீட்டுக்காரர் கௌரவத்தை உத்தேசித்து, விதைநெல் மூட்டைக்குள் கொட்டையைப் புதைத்து மாட்டுவண்டியில்தான் அனுப்புவார். மூட்டை வந்ததும் மாமா வாசலுக்கு வந்து, "விதை வந்திருக்கு போல" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவார். வருஷம் முழுக்க விதை வாங்குகிற வீடு எங்களுடையது ஒன்றுதான்.

வாங்குவதை மறைக்கலாம், குடிப்பதை மறைக்கலாம். வறுக்கிற வாசனையை எந்தச் சாக்கில் கட்டி வைப்பது? அதற்கும் அத்தை வழி கண்டுபிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா மடத்தில் காப்பியைத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நாங்கள் வறுப்போம். தெருவின் ஆண்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். மோந்து பார்க்க ஆள் இருக்காது. முதல் தடவை அத்தையோடு கொல்லைப் பக்கம் அடுப்பு மூட்டியபோது, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இன்னும் எங்கள் சட்டி காயவே இல்லை, வாசனை எங்கிருந்து வருகிறது? சந்துக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு கொல்லை விடாமல் புகை போய்க்கொண்டிருந்தது.

"பைய மூடிட்டு வாட்டி," என்றாள் அத்தை. "எல்லா வீட்டுலயும் வாதம்தான்."

ஆண்கள் மடத்திலிருந்து திரும்பும்போது தெரு முழுக்க ஒரே வாசனையாக இருக்கும். வெள்ளிக்கிழமை அல்லவா, வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட்டிருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வருவார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, இங்கே ஒரு தெருப் பூனைகள்.

வறுப்பதில் அத்தைக்கு இருந்த கை வேறு யாருக்கும் இல்லை. நானும் பிறகு பல ஊரில் குடித்திருக்கிறேன். அதனால் இதைத் தைரியமாகச் சொல்லுவேன். அடி கனத்த இரும்புச் சட்டி, நிதானமான தீ. கொட்டை மஞ்சளாகும்போது நெல் அவிக்கிற மாதிரி ஒரு மணம் வரும். அப்புறம் படபடவென்று வெடிக்கும். வெடித்து ஓய்ந்து, புகை லேசாக நீலம் காட்டும் நேரத்தில் அத்தை சட்டியை இறக்கிவிடுவாள். இன்னும் கொஞ்சம் நிறம் வரட்டுமே என்று எனக்குத் தோன்றும். "அது சூட்டுல தானா வரும், நாம நின்னா கரிதான் மிஞ்சும்" என்பாள். முறத்தில் கொட்டிப் புடைத்து, விசிறியால் விசிறி, ஆறும் முன்னே ஒரு சொட்டு நெய். அன்றாடம் வேண்டியதை மட்டும் விடியற்காலையில் கல்லுரலில் இடிப்பாள். பொடியில் கொதிநீர் விட்டு, மூடி வைத்து, தெளிந்ததும் வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள்.

இவ்வளவும் செய்து அத்தை தம்ளரைக் கொண்டுபோய் மாமா முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு நிலைக்கதவுக்குப் பின்னால் நிற்பாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நகை நட்டு இல்லை, காசி ராமேசுவரம் இல்லை. தம்ளரைக் கீழே வைக்கும்போது மாமா ஒரு தடவை, ஒரே தடவை, "காப்பி நல்லாருக்கு" என்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இந்த வழக்கம் தொடங்கியதாம். நான் வந்தபோது அத்தைக்குத் தலை பாதி நரைத்திருந்தது. இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

மாமாவால் அதைச் சொல்ல முடியாது. அங்கேதான் சூட்சுமம். காப்பியைத்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாம். மருந்தை யார் அப்படிச் சொல்வார்கள்? ஒரு வார்த்தை பாராட்டினால் கஷாயம் அந்த இடத்திலேயே காப்பி ஆகிவிடும். குறை சொல்ல மட்டும் மாமாவுக்குத் தடையே இல்லை. ஒரு ஐப்பசி மழையில் மலைப்பாதை அடைபட்டுக் கொட்டை வரவில்லை. கடைத்தெருவில் பொடி வாங்கினோம். பாதிக்குப் பாதி வறுத்த புளியங்கொட்டை. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு மருந்து சேரலை" என்று தம்ளரைத் தள்ளினார். மறுநாள், "மருந்துல சத்து இல்லை." அந்த வெள்ளிக்கிழமை மடத்தில் காப்பியைக் கிழி கிழி என்று கிழித்தாராம், அப்படி ஒரு பிரசங்கம் அதுவரை கேட்டதில்லை என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். கெட்ட காப்பி குடித்த கோபம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு தடவை அத்தை துணிந்து கேட்டாள். அன்று கொட்டையும் அமைந்து, பதமும் அமைந்து, வடிகட்டும்போதே எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"இன்னைக்கு எப்படி இருக்கு?"

மாமா தம்ளரை அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை விட்டுக்கொண்டு, துண்டால் மீசையைத் துடைத்தார்.

"மருந்துல என்ன எப்படி? குடிக்கணும்னு விதி, குடிக்கேன்."

அத்தை தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வெள்ளித் தம்ளரை அடுப்பில் போட்டு உருக்கியிருப்பேன். அத்தை அதைச் சாம்பல் போட்டு நிதானமாகத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

ஒரு மார்கழியில் மாமாவுக்கு மார்ச்சளி கண்டது. பனியில் ஆற்றுக்குப் போக வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற மனிதரா? படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் தம்ளரைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தை அப்போதும் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். அப்படியே போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் படையல். இறந்தவருக்கு எது எது பிடிக்குமோ அதையெல்லாம் இலைக்கு முன்னால் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, பொடி போட்டவருக்குப் பொடிமட்டை. அத்தை வெள்ளைச் சேலையில் உள்ளறை மூலையில் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகனைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் எனக்கு அத்தான் முறை, வக்கீல். அன்று சாயங்காலமே மாமாவின் இடத்தில் அவரைச் சபைத் தலைவராக உட்காரவைப்பதாகப் பேச்சு.

"அவுகளுக்கு ஒரு தம்ளர் காப்பி வைக்கணும்," என்றாள் அத்தை.

அத்தான் அவசரமாகக் கதவைச் சாத்தினார். "அம்மா, என்ன பேச்சு இது? சபைக்காரங்க அத்தனை பேரும் வந்து உக்காந்திருக்காங்க. அப்பா பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அவுக குடிச்சதைத்தானே வைக்கச் சொல்லுதேன்."

"அப்பா குடிச்சது கஷாயம். கஷாயம் வைக்கலாம்."

சொன்னதோடு விடாமல் ஆள் அனுப்பி நிலவேம்பு வாங்கிவரச் சொன்னார். வக்கீல் அல்லவா, பொய்யானாலும் சாட்சியத்தோடு இருக்க வேண்டும். கோர்ட்டுக்கு எதிரே இருந்த காப்பி கிளப்பில் இவருக்கு என்று ஒரு மூலை உண்டு என்பது என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன ரகசியம்.

செய்தி முன்கட்டுக்குப் போனது. பெரியவர் விரும்பிய கஷாயம் படைக்கிறார்களாமே என்றதும் சபைக்காரர்களுக்குப் பக்தி பொங்கிவிட்டது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். செம்பு செம்பாக வந்தது. நிலவேம்பு, ஆடாதோடை, வேப்பம்பட்டை, சுக்கு, கண்டங்கத்திரி. ஒருவர் வீட்டிலிருந்து வந்தது என்ன என்று வாசனை பார்த்தும் தெரியவில்லை, பச்சையாக இருந்தது. வடைக்கும் பாயசத்துக்கும் முன்னால் அத்தனை கசப்பும் வரிசையாகத் தம்ளரில் வந்து உட்கார்ந்தது. ஆயுசு முழுக்கக் காப்பியைத் தவிர வேறு கஷாயத்தை வாயில் வைக்காத மனிதருக்கு இப்படி ஒரு தண்டனையை எமன்கூடக் கொடுத்திருக்க மாட்டான்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். அத்தை எழுந்து வந்து கதவிடுக்கு வழியாக ஒரு பார்வை பார்த்தாள்.

"உசுரோட இருக்கையில வேம்பைத் தொட்டிருப்பாகளா? செத்தவுகளுக்கு இதையாட்டி குடுக்கது?" என்றாள். அப்புறம், "அரங்குல மூட்டை இருக்கும். எடு."

"பொடி கொஞ்சம் மிச்சம் இருக்கே, அத்தை."

"ஊசிப்போன பொடியவா அவுகளுக்கு வைப்பேன்?"

அவள் அந்த நேரத்தில் மூலையை விட்டு அசையக் கூடாதவள். வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொல்லைப் பக்கம் போகவில்லை. முற்றத்தை ஒட்டிய பெரிய அடுப்பு. கதவெல்லாம் திறந்து கிடந்தது. பட்டப்பகல். வெள்ளிக்கிழமைகூட இல்லை. சட்டி காய்ந்தது, கொட்டை விழுந்தது, அத்தை துடுப்பை எடுத்துக் கிளறத் தொடங்கினாள்.

முதலில் வெடிக்கிற சத்தம் முன்கட்டுக்குப் போயிற்று. அதன் பின்னால் வாசனை போயிற்று. ஓதுவார் பாடிக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் மூச்சை இழுத்தார், இழுத்த மூச்சை விட மறந்துவிட்டார். நான் தூண் மறைவில் நின்று பார்த்தேன். ஒரு மூக்கு பாக்கியில்லாமல் விரிந்தது.

"என்னமோ கருகுதோ?" என்றார் ஒருவர்.

"சாம்பிராணியா இருக்கும் வே."

"சாம்பிராணி இப்படி வாசமா இருக்காதே," என்று மூன்றாமவர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் எதுவும் பேச முடியாது. இது காப்பி என்று சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான். காப்பி வாசனையே அறியாத உத்தமர்கள் நிறைந்த சபை அது. ஆகவே அத்தனை பேரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாத வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை இடித்தாள், வடித்தாள், பால் விட்டாள். வெள்ளித் தம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் நடந்துபோய்ப் படையல் முன்னால் நின்றாள். அத்தான் எழுந்து குறுக்கே வந்தார்.

"அம்மா, இது என்ன?"

"நீதான் சொல்லேன், என்னதுன்னு."

இத்தனை வருஷம் கோர்ட்டில் நின்று பழகியவர், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார். தம்ளரைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். சபை அவரைப் பார்த்தது.

"கஷாயம்," என்றார்.

"அப்ப வழியை விடு."

நிலவேம்புத் தம்ளரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தன் தம்ளரை வைத்தாள். தீபாராதனை ஆயிற்று. படைத்ததை வந்தவர்கள் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். அத்தைக்குத் தெரியாதா, குண்டான் நிறையப் போட்டு வைத்திருந்தாள். நானும் மூத்த மருமகளும் தம்ளர் தம்ளராகக் கொண்டு கொடுத்தோம். வேம்பும் ஆடாதோடையும் ஆறிப்போய் அங்கேயே இருந்தன. தொட ஆள் இல்லை. அவற்றைக் கொண்டுவந்தவர்கள்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணாச்சி கஷாயம்னா கஷாயம்தான் வே, என்னமா உடம்புக்குள்ள இறங்குது என்றார் ஒருவர். இன்னொருவர் இரண்டாம் தம்ளர் கேட்டார். அவருக்கு வாதம் கொஞ்சம் அதிகமாம். அந்த வாரத்திலிருந்து எங்கள் தெருவில் 'பெரியவர் கஷாயம்' என்ற பெயரில் பகிரங்கமாகவே வறுத்தார்கள். காப்பியை ஒழிக்கப் பாடுபட்டவர் பெயரை எங்கள் ஜனங்கள் காப்பிக்கே வைத்துக் கொண்டாடினார்கள். அத்தானும் சபைத் தலைவராகி, வெள்ளிக்கிழமைதோறும் அதே பிரசங்கத்தைச் செய்துவந்தார்.

ஆனால் அன்று மத்தியானம் நான் பார்த்துக்கொண்டிருந்தது அத்தையைத்தான். அவள் உள்ளே போகவில்லை. நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றாள். தம்ளரை யார் யார் கீழே வைக்கிறார்கள் என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"நல்லாருக்கா?"

இருப்பவர்களில் வயதில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மருந்துதானே, தாயி. உடம்புக்கு நல்லது."

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அத்தை தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து, வடிகட்டிய துணியை அலசிப் பிழிந்தாள். குண்டான் அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. ஆறிப்போயிருந்தது. நான் அதை ஊற்றிக் குடித்தேன். அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும் என்று எனக்கு இருந்தது.

"அத்தை, காப்பி நல்லாருக்கு."

அத்தை துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ சொல்லுதே," என்றாள். "அவுக சொல்லலியேட்டி."